உண்டியும் அறமும்

உண்ணுதல் எல்லா உயிர்க்கும் பொது. உண்ணும் முறையை ஆராய்தல் மாந்தர்க்கே உரியது. எதனை உண்பது, எவ்வளவு உண்பது, எப்பொழுது உண்பது, யாரோடு உண்பது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு சமயமும் தன் தன் போக்கில் விடை கூறியிருக்கிறது. அவ்விடைகளுள் உடலை வளர்த்தனவும் உண்டு. உள்ளத்தைத் திருத்தினவும் உண்டு. மக்களை மேலோர் கீழோர் எனப் பிரித்து வைத்தனவும் உண்டு. ஆகலின், உணவைப் பற்றிய புதிய நெறி ஒன்று நம் வாயிலுக்கு வரும்பொழுது, அஃது இம்மூன்றனுள் எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்த்த பின்னரே அதனை வரவேற்றல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் பௌத்த அன்பர் சிலரிடையே 'மாக்ரோபயாட்டிக்' என்னும் உணவு நெறி பேசப்படுகிறது. ஜப்பானில் உருவாகி, மேலைநாடுகளில் பரவி, அங்கிருந்து நம் நாட்டு நகரங்களுக்கும் வந்துள்ள நெறி அது. 'ஜென்' என்னும் அடைமொழியும் அதனோடு சேர்ந்து வழங்கியமையால், இது பகவன் புத்தர் வகுத்த வழியோ, உபாசகராயினார் இதனைக் கைக்கொள்ளுதல் கடமையோ என்னும் ஐயம் எழுகிறது. இவ்வையத்தைச் சூளூர்பேட்டையையும் அதனைச் சூழ்ந்த ஏரிக்கரை ஊர்களையும் முன்னிறுத்தி ஆராய்வோம். ஓர் உணவு நெறியின் மெய்ம்மை, அது எழுதப்பட்ட ஏட்டில் விளங்குவதைக் காட்டிலும், மக்கள் உழைத்து உண்ணும் ஊரில் நன்கு விளங்கும் அன்றோ?

முதற்கண் அந்நெறியின் வரலாற்றை அறிவோம். 'மாக்ரோ', 'பயோஸ்' என்னும் கிரேக்கச் சொற்கள் நெடிய வாழ்வைக் குறிப்பன. ஜெர்மானிய மருத்துவர் ஹூஃபெலாண்டு என்பார், வாழ்நாளை நீட்டிக்கும் கலையைப் பற்றி 1797இல் வெளியிட்ட நூலுக்கு இச்சொல்லையே பெயராக இட்டார். அவர் கூறியது மிதமான உணவும் மிதமான வாழ்வுமேயாம். பின்னர், ஜப்பானியப் படை மருத்துவராயிருந்து 1909இல் மறைந்த இசிசூக்கா சாகென் என்பார், நோய்க்கெல்லாம் உணவே முதல் என்றும், தவிடு நீக்காத அரிசியும் அந்தந்த இடத்துக் காய்கறிகளுமே நலம் தருவன என்றும் போதித்தார். அவர்வழி வந்த ஜார்ஜ் ஓசாவா (1893–1966) அப்போதனையோடு சீனத்து இன்–யாங் தத்துவத்தைப் பிணைத்து அதனை உலகிற்கு எடுத்துச் சென்றார். 1953இல் ஜப்பானை விட்டுப் புறப்பட்ட அவர் இந்தியாவிற்கும், பின்னர் ஆப்பிரிக்காவிற்கும், அதன் பின்னர் ஐரோப்பாவிற்கும் சென்றார். 'ஜென் மாக்ரோபயாட்டிக்' என்னும் பெயரால் அவர் எழுதிய நூல் 1960இல் வெளிவந்தது. அவருடைய மாணாக்கர் மிச்சியோ குஷி (1926–2014) அமெரிக்காவில் இந்நெறியை நிலைநிறுத்தினார்.

இவ்வரலாற்றால் ஒன்று தெளிவாகிறது. 'ஜென்' என்னும் பெயர் இந்நெறிக்குப் பிற்காலத்தில் சூட்டப்பட்ட அணியேயன்றி, அதன் வேர் அன்று. ஜென் மடங்களுக்கு உரிய உணவு ஒழுக்கம் வேறாக உள்ளது. தோகென் என்னும் பெருந்துறவி மடத்துச் சமையற்காரர்க்காக 1237இல் எழுதிய அறிவுரையில், எளிய கீரையையும் விலையுயர்ந்த பண்டத்தையும் ஒரே மனத்தோடு கையாளுதல் வேண்டும் என்பதே உயிர்நாடி. அங்கே ஆராயப்படுவது காய்கறியின் குணமன்று, சமைப்பவனுடைய உள்ளம்.

இனி மாக்ரோபயாட்டிக் நெறியின் கொள்கைகளைக் காண்போம். தவிடு நீக்காத முழுத்தானியம் உணவின் பெரும்பகுதியாக இருத்தல் வேண்டும் என்பது முதலாவது. ஒரு பொருளை அதன் தோலும் தவிடும் தழையும் கூட இயன்றவரை முழுமையாக உண்ணுதல் இரண்டாவது. தான் வாழும் மண்ணில், அந்தந்தப் பருவத்தில் விளைந்ததையே உண்ணுதல் மூன்றாவது. 'உடலும் மண்ணும் இரண்டல்ல' என்பது இதற்கு அவர்கள் வழங்கும் முதுமொழி. சருக்கரையையும் புலாலையும் பாற்பொருள்களையும் குறைத்தல் நான்காவது. நன்றாக மென்று, பசித்த அளவே உண்ணுதல் ஐந்தாவது. இவ்வைந்திற்கும் மேலாக, எல்லா உணவையும் இன், யாங் என இரு கூறாகப் பகுத்து, அவற்றைச் சமன்செய்தலே உடல்நலம் என்பர்.

இவற்றுள் கொள்ளத்தக்கது யாது? முழுத்தானியத்தைப் பற்றிய கொள்கையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி அரிசி ஆலைகள் கீழைநாடுகளில் பெருகிய பின்னர், தீட்டிய வெள்ளரிசியையே உண்ட மக்களைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மக்கள் மடிந்தனர். 1904–05இல் நிகழ்ந்த ரஷ்ய–ஜப்பானியப் போரில் ஜப்பானியத் தரைப்படையினர் பல்லாயிரவர் இந்நோயால் இறந்தனர். ஜாவாத் தீவில் ஆராய்ந்த எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நரம்புநோய் உற்றதையும், தவிடு கொடுத்தபின் அவை தேறியதையும் கண்டார். தவிட்டில் உறையும் தயமின் என்னும் உயிர்ச்சத்தே அதற்குக் காரணம் என்பது பின்னர் நிலைபெற்றது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே, தவிட்டை எறியற்க என்னும் அறிவுரை வெறும் மூடநம்பிக்கையன்று. பல உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

ஆயினும் இப்பாடத்தை நம் தென்னாட்டு உழவர் வேறொரு வழியால் முன்னரே கையாண்டிருந்தனர். பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோய் வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் வேரூன்றியிருந்தது. தமிழ் மாவட்டங்களிலோ அது மிக அரிதாயிருந்தது. இருவரும் அரிசி உண்போரே. ஆலையில் தீட்டிய அரிசி இருவர்க்கும் பொது. வேற்றுமை யாது? வடசர்க்கார் மக்கள் பச்சரிசி உண்டனர்; தமிழர் புழுங்கலரிசி உண்டனர். குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் அய்க்ராய்டும் அவருடைய துணைவர்களும் இதனை ஆராய்ந்து விளக்கினர். நெல்லை நீரில் ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிப் பதிகிறது. பின்னர்த் தீட்டினும் அது முற்றும் நீங்குவதில்லை. நெல் அவிக்கும் அண்டாவின் அருகே நின்ற நம் பாட்டிமார்க்கு உயிர்ச்சத்து என்னும் சொல் தெரியாது. ஆயினும் அவர்தம் வழக்கம் ஒரு நாட்டைக் காத்தது.

இவ்விரு உணவு வழக்கங்களும் உடைய நாடுகளின் இடையே அமைந்திருப்பது சூளூர்பேட்டை. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், காளங்கி ஆற்றங்கரையில், தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஊர் அது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மேற்கே நெல்வயல், கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்புநீர்ப் பரப்பு, அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டைத் தீவு, அதற்கப்பால் வங்கக் கடல். வயலில் நெல், ஏரியில் மீனும் இறாலும் நண்டும், தீவுக் காட்டில் தேனும் கிழங்கும் கனியும். 'உடலும் மண்ணும் இரண்டல்ல' என்னும் கொள்கைக்கு இதனினும் ஏற்ற இடம் வேண்டுமோ?

அக்கொள்கையை நூலிற் படியாமலே வாழ்ந்து காட்டியவர் இப்பகுதியில் இருந்தனர். யானாதி என்னும் பழங்குடி மக்களே அவர். ஸ்ரீஹரிகோட்டைக் காட்டில் கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும், மூலிகை கொணர்ந்தும், ஏரியோரத்தில் மீன் பிடித்தும் அவர்கள் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் சேர்த்த காட்டுப்பொருளை அரசாங்கத்தார் பெற்றுக்கொண்டு, கைம்மாறாகத் தானியமும் காசும் தந்தனர். சமவெளியில் வாழ்ந்த யானாதிகள் அறுவடை முடிந்த வயலில் எலிவளைகளைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்துக்கொண்டனர், எலியையும் உணவாக்கினர். மண்ணில் உள்ளதையே, பருவத்தில் கிடைப்பதையே, ஒன்றையும் வீணாக்காது உண்டனர். மாக்ரோபயாட்டிக் ஆசிரியர்கள் வகுத்த விதிகளுள் பெரும்பாலானவற்றை இவர்கள் எவரும் கற்பியாமலே கடைப்பிடித்தனர்.

அதற்காக உலகம் இவர்களைப் போற்றியதா? இல்லை. எலி தின்போர் என்று எள்ளி, ஊருக்குப் புறத்தே நிறுத்தியது. அதே உலகம் இன்று, மண்ணோடு இயைந்த உணவே மேலானது என்று அழகிய ஏடுகளில் அச்சிட்டு விற்கிறது. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் கூலியாட்களின் உணவென்று ஒதுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. நெல்லூர் மொலகொலுகுலு போன்ற சன்னரக அரிசிச் சோறே செல்வர்க்கு அடையாளமாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அஃது உழவர்க்கு நன்மையே. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு என்பதும் உண்மையே. ஆனால், ஏழை உண்டபொழுது இழிவாகவும் செல்வன் உண்ணும்பொழுது ஞானமாகவும் ஒரே களி தோன்றுமாயின், நாம் மதிப்பது உணவையன்று, உண்பவனுடைய நிலையையே என்பது வெளிப்படை.

மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். 1969இல் ஸ்ரீஹரிகோட்டைத் தீவு ராக்கெட் ஏவுதளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அதனால் நாடு எய்திய பெருமையை எவரும் மறுக்க இயலாது. தீவில் வாழ்ந்த யானாதிக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. காட்டை நம்பி உண்டவர்கள் கடையை நம்பி உண்ணவேண்டியவர் ஆயினர். 'உன் மண்ணில் விளைந்ததை உண்' என்று அவர்களிடம் இன்று ஒருவர் உபதேசித்தால், 'எம் மண் எது?' என்று அவர்கள் திருப்பிக் கேட்பது முறையேயாகும். உடலும் மண்ணும் இரண்டல்ல என்பது மெய்யாயின், ஒருவனை அவன் மண்ணிலிருந்து பெயர்க்கும்பொழுது அவன் உணவையும் உடலையும் பெயர்க்கிறோம் என்பதும் மெய்யே. இக்கொள்கை உண்பவனுக்கு மட்டும் கடமை விதிக்கிறது. மண்ணை ஆள்பவனுக்கு ஒரு கடமையும் விதிப்பதில்லை. இஃது இந்நெறியின் முதற்குறை என்போம்.

இப்பொழுது பகவன் காட்டிய நெறிக்கு வருவோம். எல்லா உயிரும் உணவால் நிலைபெறுகின்றன என்பதே சிறுவர்க்குக் கற்பிக்கும் பௌத்த வினாவிடையின் முதல் விடையாக அமைந்திருக்கிறது. உணவைப் பகவர் இழித்துரைத்தாரல்லர். உருவேலைக் காட்டில் ஆறாண்டுகள் உடலை வாட்டிய பின்னர், பட்டினியால் ஞானம் பிறவாது எனத் தெளிந்து, சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார். நடுவழி என்னும் பெருநெறி அந்த ஒரு கலம் உணவிலிருந்தே தொடங்கியது எனலாம்.

உணவின் அளவை அவர் எங்ஙனம் போதித்தார்? கோசல மன்னன் பசேநதி ஒரு துரோணம் அரிசிச் சோறு உண்டு, மூச்சுத் திணறப் பகவர்முன் வந்து அமர்ந்தான். பகவர் அவனுக்குப் பத்தியப் பட்டியல் எதுவும் தந்தாரல்லர். நினைவோடிருந்து உணவில் அளவறிபவனுக்குத் துன்பம் குறையும், மூப்பு மெல்ல வரும் என்னும் கருத்தமைந்த ஒரே பாடலைக் கூறினார். மன்னன் சுதர்சனன் என்னும் இளைஞனை அப்பாடலை மனனம் செய்து, தான் உண்ணும்பொழுதெல்லாம் ஓதுமாறு ஏவினான். நாளடைவில் அவன் உணவு ஒரு நாழி அளவிற்குக் குறைந்தது. உடலும் நலம் பெற்றது. நாழி என்னும் அச்சொல் பாலி மொழிக்கும் தமிழுக்கும் பொதுவாயிருத்தல் கருதத்தக்கது. இங்கே மாறியது உணவுப் பொருளன்று; உண்பவனுடைய நினைவு. எதனை உண்பது என்று மாக்ரோபயாட்டிக் நெறி முதலிற் கேட்கிறது. எதற்காக உண்கிறாய் என்று தம்மம் முதலிற் கேட்கிறது. விளையாட்டிற்கோ, மயக்கத்திற்கோ, அழகிற்கோ அன்றி, உடலைத் தாங்கி அறவாழ்வு நடத்தற்கே உண்கிறேன் என்று பிக்கு ஒவ்வொரு வேளையும் எண்ணிப் பார்த்தல் விதி.

'அங்ஙனமாயின், எதனை உண்பது என்பது அறத்திற்குப் புறம்பானதோ?' என்று வினவலாம். புறம்பானதன்று. கொல்லாமை நம் முதற்சீலம். பகவர் ஜீவகனுக்கு உரைத்தபோது, தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டோ, கேட்டோ, ஐயுற்றோ இருப்பின் பிக்கு அப்புலாலை ஏற்றல் ஆகாது என்றார். இறைச்சி வாணிகத்தை உபாசகர்க்கு ஆகாத ஐந்து வாணிகங்களுள் ஒன்றாக வைத்தார். மகாயான நூலாகிய லங்காவதார சூத்திரம் புலாலை முற்றும் விலக்குகிறது. ஆயினும், பிக்குகள் எல்லாரும் புலாலை அறவே நீக்குதல் வேண்டும் எனத் தேவதத்தன் விதி கோரியபொழுது, பகவர் அதற்கு இசைந்தாரல்லர். ஆமகந்த சூத்திரத்திலோ, புலால் நாற்றம் என்பது ஊன் உண்பதால் எழுவதன்று. கொலை, களவு, பொய், வஞ்சம், பிறரை இகழ்தல் ஆகியவற்றால் எழுவது என்று தெளிவாக்கப்பட்டது. உணவால் ஒருவன் தூயனாவான் என்னும் நம்பிக்கையை அவர் அடியோடு மறுத்தார்.

இம்மறுப்பு நமக்கு ஏட்டுச் செய்தியன்று. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் உணவே சாதியின் அளவுகோலாக இருந்தது. பல இடங்களில் இன்றும் இருக்கிறது. எவன் வீட்டில் எவன் நீர் பருகலாம், எவன் கலத்தில் எவன் உண்ணலாம் என்னும் கட்டுப்பாடுகளால் மனிதன் மனிதனுக்குத் தீட்டானான். 1898இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒரு சித்த மருத்துவர். உணவின் குணமும் பத்தியத்தின் பயனும் நன்கறிந்தவர். தாழ்த்தப்பட்ட மக்கள் பிறப்பால் இழிந்தவரல்லர், பழைய பௌத்தரே என்று நிறுவுதற்கே அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதார் பற்றிய நூலில் டாக்டர் அம்பேத்கர், மாட்டிறைச்சி உண்டமையும் பௌத்தத்தை விடாமையுமே ஒரு மக்கட்கூட்டத்தின்மீது தீண்டாமை சுமத்தப்பட்டதற்கு வேர் என்று வாதித்தார். இவ்விருவர்வழி வந்த நாம், 'தூய உணவு உண்போர் உயர்ந்தோர்' என்னும் கருத்து எவ்வேடத்தில் வரினும் விழிப்போடிருத்தல் வேண்டும். வேத வேடத்தில் வந்ததை விலக்கியவர்கள் ஜப்பானிய வேடத்தில் வருவதை ஆராயாது ஏற்றல் தகுமோ?

மாக்ரோபயாட்டிக் நெறியில் அத்தகைய படிவரிசை இருக்கிறது என்பதே நம் ஐயத்திற்குக் காரணம். ஓசாவா உணவு முறைகளைப் பத்துப் படிகளாக வகுத்தார். அவற்றுள் உச்சமான ஏழாம் எண் முறையில் தானியம் தவிர வேறொன்றும் இல்லை. நீரும் குறைவாகவே பருகல் வேண்டும். 1965இல் அமெரிக்காவில் இம்முறையைக் கடுமையாகக் கைக்கொண்ட இளம்பெண் ஒருத்தி உடல் மெலிந்து உயிர் நீத்தாள். 1971இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் உணவுக்குழு இந்நெறியின் கடுமையான முறைகள் உயிர்க்கு ஊறு விளைப்பன என எச்சரித்தது. 1980களில் நெதர்லாந்து நாட்டில் இந்நெறியில் வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவர்களிடம் வளர்ச்சிக் குறையும், எலும்பு மென்மையுறும் ரிக்கெட்ஸ் நோயும், பி12 உயிர்ச்சத்துக் குறையும் கண்டு, மீன், பால், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்குமாறு அறிவுறுத்தினர். உருவேலைக் காட்டில் பகவர் கண்டு கைவிட்ட தவறே இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது. உணவைக் குறைக்கக் குறைய ஞானம் கூடும் என்னும் மயக்கமே அது.

இதனினும் நுண்ணிய தீங்கு ஒன்று உண்டு. எல்லா நோயும் தவறாக உண்டதன் விளைவே என்று ஒரு நெறி கூறுமாயின், நோயுற்றவன் தன் நோயோடு பழியையும் சுமக்க நேரிடுகிறது. புற்றுநோயுற்ற ஒருத்தியை நோக்கி, 'நீ உண்ட உணவே உன்னை உண்கிறது' என்று கூறுவது மருத்துவமும் அன்று, கருணையும் அன்று. மோலியசீவகன் என்னும் பரிவிராஜகன், நாம் உறும் இன்ப துன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்போரைப் பற்றி வினவியபொழுது பகவர் என் கூறினார்? பித்தத்தாலும், சிலேத்துமத்தாலும், வாதத்தாலும், அவை கூடுதலாலும், பருவ மாறுதலாலும், பேணாமையாலும், பிறர் தாக்குதலாலும், வினையாலும் துன்பம் வரும் என எட்டுக் காரணம் எண்ணிக் காட்டினார். ஒரே காரணத்தை எல்லாவற்றிற்கும் பொருத்துவோர் தாம் கண்டறிந்ததையும் உலகம் கண்டறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்றார். முன்வினையை ஒரே காரணமாகக் கூறுவோர்க்கு உரைத்த இவ்விடை, உணவை ஒரே காரணமாகக் கூறுவோர்க்கும் பொருந்தும்.

பகவருடைய இறுதி உணவையும் இங்கு நினைத்தல் தகும். கருமான் சுந்தன் இட்ட உணவிற்குப் பின் அவர் கடும் நோயுற்றார். அவ்வுணவு பன்றி இறைச்சியோ, காளானோ என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். பகவருடைய கவலையோ வேறாயிருந்தது. சுந்தன் மனம் நோதல் ஆகாதென்றும், தாம் ஞானமடைவதற்கு முன் உண்ட உணவும் இவ்விறுதி உணவும் பயனில் ஒத்தனவே என்று அவனுக்குக் கூறுமாறும் ஆனந்தரைப் பணித்தார். உயிர் பிரியும் வேளையிலும் அவர் ஆராய்ந்தது உணவின் குற்றத்தையன்று. இட்டவன் நெஞ்சின் துயரத்தை.

இந்நெறியைப் பழவேற்காடு ஏரிக்கரையில் பொருத்திப் பார்ப்போம். அவ்வேரியை நம்பி வாழும் மீனவர் பலர். அவர்க்கு ஏரியே வயல். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் 'பாடு' என்னும் முறைவைத்து, இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலையிடுவது என்று பகுத்துக்கொள்ளும் பழவழக்கம் உண்டு. ஒருவனே வாரிக்கொள்ளாது எல்லார்க்கும் பங்கு கிடைக்கச் செய்யும் ஏற்பாடு அது. இம்மீனவரைக் 'கொலைஞர்' என ஒதுக்கிவிட்டு, நகரத்துக் கடையில் பொதிந்து விற்கும் அயல்நாட்டுக் கடற்பாசியை வாங்கி உண்பவன் தன்னை அகிம்சையாளன் என்று எண்ணிக்கொள்வானாயின், அவன் தன்னையே ஏய்க்கிறான். மீன் பிடித்தல் கொலையன்று என்று நாம் கூறவில்லை. சீலத்தை வளைத்தல் நம் நோக்கமன்று. வேறு பிழைப்பும் வேறு உணவும் எளிதாகக் கிடைக்கும் ஒருவன் புலாலைக் கைவிடுதல் கருணையின் வளர்ச்சி. அதனை நாம் போற்றுகிறோம். வேறு வழியில்லாதவனிடம் அதனையே கட்டளையாக இடுதல் கருணையின் குறைவு. ஒரே செயல் இருவரிடத்தில் இரு வேறு பொருள் பெறுகிறது. காரணம், தேர்ந்துகொள்ளும் உரிமை ஒருவனுக்கு உண்டு, மற்றவனுக்கு இல்லை. அவ்வுரிமையை அவனுக்கும் உண்டாக்குவதே அறத்தின் முதற்பணி.

ஆளவி நகரத்து ஏழை உழவன் கதை இதனையே உணர்த்துகிறது. காணாமற்போன எருதைத் தேடி அலைந்து, பசியோடு அவன் அவைக்கு வந்தான். பகவர் உபதேசத்தைத் தொடங்காது, முதலில் அவனுக்குச் சோறிடுமாறு பணித்தார். அவன் உண்டு பசியாறிய பின்னரே நான்கு வாய்மைகளை உரைத்தார். பசியே பெருநோய் என்பது அவர் கருத்து. அவ்வுழவனுக்கு இட்ட சோறு தீட்டியதோ தீட்டாததோ, அம்மண்ணில் விளைந்ததோ பிற மண்ணில் விளைந்ததோ என்று எவரும் கேட்டதாகக் கதை கூறவில்லை. நம் தமிழ்க் காப்பியத்தில் மணிமேகலையும் அமுதசுரபி ஏந்தி முதலில் பசித்தோரைத் தேடியே சென்றாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்தாள். காஞ்சி நகரில் பஞ்சம் வந்தபொழுது அங்குச் சென்று உணவளித்தாள். அவள் பாத்திரத்தில் சோறு பெற எவர்க்கும் குலத்தகுதி வேண்டப்படவில்லை. பிக்குவின் ஓடும் அத்தகையதே. வீடு தவறாது வரிசையாக நின்று, செல்வன் இட்டதும் வறியவன் இட்டதும் ஒரே ஓட்டில் கலக்க ஏற்பது அவர் ஒழுக்கம். உணவால் மக்களைப் பிரித்த நாட்டில் உணவால் மக்களைச் சேர்த்த கலம் அது.

ஆகவே நம் முடிவை இங்ஙனம் வகுத்துக் கூறுவோம். மாக்ரோபயாட்டிக் நெறியில் நல்லன உண்டு. தவிட்டை வீணாக்காமை, உள்ளூர் விளைவை மதித்தல், சருக்கரையைக் குறைத்தல், மென்று அளவாக உண்ணுதல் ஆகியவற்றை எந்த உபாசகரும் ஏற்கலாம். கைக்குத்தல் அரிசியோ, புழுங்கலரிசியோ, கேழ்வரகோ தம் வீட்டு வருவாய்க்கு இயன்றதைக் கொள்ளலாம். ஆனால் அது பௌத்த சமயக் கடமையன்று, உடல்நலப் பழக்கமேயாம். குழந்தைகட்கும், கருவுற்ற தாய்மார்க்கும், நோயாளர்க்கும் கடுமையான பத்தியத்தைச் சமயத்தின் பெயரால் விதித்தல் ஆகாது. அவர் மருத்துவர் சொற்படி நடப்பதே முறை. இன்னதை உண்டால் இன்ன நோய் தீரும் என்னும் உறுதிமொழியைச் சான்றின்றி நம்புதலும் பரப்புதலும் பொய்ச்சீலத்திற்கு அண்மையில் நம்மைக் கொண்டு சேர்க்கும்.

சமயக் கடமையாவது வேறு. உண்ணுமுன் நான்கு வினாக்களை நம்மையே நாம் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இவ்வுணவு யாருடைய உழைப்பால் வந்தது? இதனால் எவ்வுயிர் துன்புற்றது. அத்துன்பத்தை இனிக் குறைக்க வழியுண்டோ? என் பசிக்கு இதில் எவ்வளவு போதும்? என் அயலில் இவ்வேளை உண்ணாதார் எவரேனும் உளரோ? இவற்றுள் முதல் மூன்றையும் மாக்ரோபயாட்டிக் ஆசிரியரும் ஒருவேளை ஒப்புவர். நான்காவதே தம்மத்தின் தனிவினா. அதற்கு விடை காணாமல் முதல் மூன்றையும் நூறாண்டு ஆராய்ந்தாலும், நம் உடல் நீடு வாழும்; அறம் வளராது.

வைகாசிப் பௌர்ணமி நாளில் நம் சங்கத்தார் அன்னமிடும்பொழுது இதனை மனத்திற் கொள்வாராக. பந்தியில் எவ்வரிசையும் வேற்றுமையும் இன்றி எல்லாரும் ஒருங்கே அமர்தல் வேண்டும். ஏரிக்கரையிலிருந்து வரும் மீனவரும், வயற்புறத்திலிருந்து வரும் யானாதிக் குடும்பத்தாரும் அழைக்கப்படல் வேண்டும். 'நீவிர் என்ன உண்பீர்?' என்னும் ஆராய்ச்சி அவர்களிடம் நிகழ்தல் ஆகாது. கொல்லாமை கருதி அன்று மரக்கறி உணவே சமைப்போம். அதனைப் பெருமையாகக் கூறிக்கொள்ளோம். சோறு எவ்வரிசியாயினும் ஆகுக. முதற்கலம் மிகப் பசித்தவர்க்கு இடப்படுவதாக.